கைபேசியும் கணினியும்: இடையே ஒரு கேபிள்

சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீடுகளில் முன்னாளில் கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி தவறாமல் இருக்கும். டில்லியின் கரோல்பாக்காயினும் மும்பையின் மாட்டுங்காவாயினும் இந்த வழக்கத்தில் வேற்றுமை இல்லை. பள்ளிச் சான்றிதழ்கள், ஜாதகக் குறிப்புகள், நிலப்பட்டாவின் நகல், கல்யாணப் புகைப்படங்கள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள் ஆகியவை அதற்குள் பத்திரமாகக் கிடக்கும். இன்று அந்தப் பெட்டியின் வேலை முழுவதையும் கைபேசி ஏற்றுக்கொண்டுவிட்டது. பேரக் குழந்தையின் முதல் நடை, கோயில் குடமுழுக்கு, தாயாரின் குரல், ஆதார் அட்டையின் படம் என அனைத்தும் உள்ளங்கையளவு சாதனத்துள் அடங்கியுள்ளன.

ஆனால் டிரங்குப் பெட்டி இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. கைபேசியோ நம்முடன் பேருந்தில் ஏறுகிறது, மழையில் நனைகிறது, கூட்டத்தில் களவு போகிறது, கை தவறிக் கீழே விழுகிறது. ஆகவே அதனுள் இருப்பவற்றை அவ்வப்போது வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பது குடும்பக் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது. அதற்குரிய வழிகளுள் எளியதும் தனிச் செலவு இல்லாததுமான ஒன்றைப் பற்றியே இங்குக் கூற விழைகிறேன். கைபேசியைக் கேபிள் மூலம் கணினியுடன் இணைத்துக் கோப்புகளை மாற்றிக்கொள்வதே அவ்வழி.

"எல்லாம் காற்றிலேயே போய்ச் சேரும் காலத்தில் கேபிள் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. வாட்ஸ்அப் மூலம் படங்களை அனுப்பலாம். மேகச் சேமிப்பு எனப்படும் கிளவுடில் போட்டு வைக்கலாம். இவ்விரண்டும் பயனுள்ளவையே. எனினும் இவற்றின் இயல்பை அறிந்து பயன்படுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு புகைப்படத்தைப் புகைப்படமாகவே அனுப்பினால், அது படத்தைச் சுருக்கியே அனுப்புகிறது. 2023-இல் வந்த எச்.டி. வசதியும் சுருக்கத்தைக் குறைக்கிறதேயன்றி முற்றிலும் நீக்குவதில்லை. அத்துடன், படம் எடுக்கப்பட்ட நாள், நேரம், இடம் முதலிய குறிப்புகள் படத்தினுள்ளேயே பதிவாகியிருக்கும் அல்லவா? அக்குறிப்புகளும் அனுப்பும்போது உதிர்ந்துவிடுகின்றன. கைபேசித் திரையில் பார்க்கும்போது குறை தெரியாது. அதே படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்ட நினைக்கும்போதுதான் முகங்கள் மங்கியிருப்பது தெரியவரும்.

மேகச் சேமிப்பின் நிலை வேறு. கூகுள் நிறுவனம் புகைப்படங்களுக்கு அளித்துவந்த வரம்பற்ற இலவச இடத்தை 2021 ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டது. அன்று முதல் மின்னஞ்சல், படங்கள், பிற கோப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. மட்டுமே இலவசம். அதற்கு மேல் வேண்டுமானால் சந்தா செலுத்திவர வேண்டும். கேபிளுக்கோ இணையமும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். அதன் வழியே செல்லும் கோப்பு பொதுவாக ஓர் எழுத்துக்கூட மாறாமல், கைபேசியில் உள்ளபடியே மறுபக்கம் போய்ச் சேருகிறது.

இனி அந்தக் கேபிளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். அதன் பெயர் யு.எஸ்.பி. என்பது. 1990-களின் தொடக்கத்தில் கணினியின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: விசைப்பலகைக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு வேறொரு துளை, மோடத்துக்கு மற்றொன்று. ஒன்றில் பொருந்துவது இன்னொன்றில் பொருந்தாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1994-இல் ஏழு நிறுவனங்கள் ஒன்று கூடின. அவற்றின் முயற்சியால் 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. முதல் தரம் வெளியாயிற்று. இதனை உருவாக்கியதில் முன்னின்றவர்களுள் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த அஜய் பட் குறிப்பிடத்தக்கவர். அவர் வடோதராவிலுள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர்.

சாதாரண யு.எஸ்.பி. கேபிளை அறுத்துப் பார்த்தால் உள்ளே நான்கு மெல்லிய கம்பிகள் தென்படும். வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு உரியவை. பச்சையும் வெள்ளையும் தரவுக்கு உரியவை. இந்த உண்மையை அறிந்தால் பலரையும் அலைக்கழிக்கும் ஒரு புதிர் விடுபடும். விலை மலிந்த சில கேபிள்களில் மின்சாரத்துக்குரிய இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். அவற்றைக் கொண்டு கைபேசியைக் கணினியில் இணைத்தால் சார்ஜ் ஏறும். ஆனால் கணினி அந்தக் கைபேசியைக் கண்டுகொள்ளவே செய்யாது. கணினி கெட்டுவிட்டதோ, கைபேசி கெட்டுவிட்டதோ என்று மனம் கலங்குவதற்கு முன், கைபேசியுடன் வந்த கேபிளையோ, தரவும் செல்லும் என்று உறையில் குறிப்பிட்டிருக்கும் கேபிளையோ போட்டுப் பார்ப்பது நலம். பெரும்பாலான தொல்லைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேபிளின் முனையும் காலத்துக்கேற்ப மாறி வந்துள்ளது. 2014-இல் வெளியான டைப்-சி என்னும் முனையை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கைபேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதல் இம்முனையே கட்டாயம் ஆயிற்று. நம் நாட்டிலும் டைப்-சி முனைக்கான இந்தியத் தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. 2012 முதல் லைட்னிங் என்ற தனி முனையைக் கொண்டிருந்த ஐபோனும் 2023 செப்டம்பரில் வந்த 15-ஆம் வரிசையிலிருந்து டைப்-சிக்கு மாறிவிட்டது.

முனை ஒன்றாக இருப்பதால் வேகமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. 2000-இல் வந்த யு.எஸ்.பி. 2.0 தரத்தின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். 2008-இல் வந்த 3.0 தரத்துக்கு அது 5 ஜிகாபிட், அதாவது பத்து மடங்குக்கும் மேல். டைப்-சி முனையுள்ள கைபேசிகள் பலவும் இன்றும் 2.0 வேகத்திலேயே இயங்குகின்றன. சாதாரண ஐபோன் 15-உம் அவற்றுள் ஒன்றே. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 480 மெகாபிட் என்பது ஏட்டுக்கணக்கில் நொடிக்கு 60 எம்.பி. ஆகும். நடைமுறையில் 30 எம்.பி. கிடைத்தால் திருப்தி கொள்ளலாம். ஒரு படம் 4 எம்.பி. வீதம் பத்தாயிரம் படங்கள் உள்ளன என்று கொள்வோம். மொத்தம் 40 ஜி.பி. இதனை மாற்ற ஏறத்தாழ 22 நிமிடங்கள் ஆகும் என்று கணக்குச் சொல்கிறது. சிறு கோப்புகள் ஏராளமாக இருப்பின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேட்டும் கொடுத்தும் வரவேண்டியிருப்பதால் இன்னும் சிறிது கூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், காப்பி குடித்துப் பத்திரிகை படித்து முடிப்பதற்குள் ஆகிவிடக்கூடிய காரியந்தான்.

பென்டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ளவை கணினித் திரையில் விரிகின்றன. கைபேசியைச் செருகினால் ஏன் அவ்வாறு விரிவதில்லை என்று பலர் வியப்பதுண்டு. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அரசு அலுவலகங்களில் பழைய கோப்புகளைக் காக்கும் ஆவண அறையை நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து வருபவரிடம் அறையின் சாவியையே கொடுத்துவிட்டால், அவர் வேலையை முடித்துத் திரும்பும்வரை அறைக் காவலர் வெளியே நிற்க வேண்டியதுதான். பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் இம்முறையில்தான் இயங்கின. கணினி சேமிப்பகத்தைக் கையில் எடுத்துக்கொண்டால், அது திருப்பித் தரும்வரை கைபேசி தன் சொந்தப் படங்களைக்கூடக் காட்ட இயலாது. இருவரும் ஒரே நேரத்தில் எழுதப் புகுந்தால் பதிவேடே சிதைந்துவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு.

2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல் வேறு முறை வழக்கத்துக்கு வந்தது. இதன் பெயர் எம்.டி.பி. என்பது. மைக்ரோசாப்ட் உருவாக்கிய இம்முறையை யு.எஸ்.பி. அமைப்பு 2008-இல் பொதுத் தரமாக ஏற்றது. இதில் சாவி காவலரிடமே இருக்கும். வெளியார் சாளரத்தில் நின்று "இந்தக் கோப்பு வேண்டும்" என்று கேட்பார். காவலர் உள்ளே சென்று எடுத்துத் தருவார். கணினி கேட்கிறது, கைபேசி எடுத்துக் கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள கோப்புறையைத் திறக்கும்போது பட்டியல் மெல்ல மெல்ல வருவதற்கு இதுவே காரணம். கைபேசியிலுள்ள ஓர் ஆவணத்தைக் கணினியில் திருத்த வேண்டுமானால், முதலில் அதைக் கணினிக்குப் படியெடுத்து, திருத்தி, மீண்டும் அனுப்புவதே முறை என்பதும் இதனால் விளங்கும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். விண்டோஸ் கணினியும் ஆண்ட்ராய்டு கைபேசியும் உள்ளவர்கள் முதலில் கைபேசியின் பூட்டைத் திறந்துகொள்ள வேண்டும். பின்னர் கேபிளால் இரண்டையும் இணைக்க வேண்டும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், இணைத்தவுடன் சார்ஜ் மட்டுமே ஏறும்படி பாதுகாப்பின் பொருட்டு அமைத்துள்ளனர். ஆகவே திரையின் மேல் விளிம்பிலிருந்து விரலால் கீழே இழுத்தால் வரும் அறிவிப்புகளுள், யு.எஸ்.பி. வழியாகச் சார்ஜ் ஆகிறது என்ற அறிவிப்பைத் தொட வேண்டும். அங்கே சில தேர்வுகள் தோன்றும். அவற்றுள் "ஃபைல் டிரான்ஸ்பர்", அதாவது கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது கணினியில் "திஸ் பிசி" என்ற இடத்தைத் திறந்தால் உங்கள் கைபேசியின் பெயர் தென்படும். அதைத் திறந்து உள்ளே செல்லலாம்.

உள்ளே சென்றதும் கோப்புறைகளின் வரிசை கண்டு மலைக்க வேண்டாம். நமக்கு வேண்டியவை நான்கைந்து இடங்களிலேயே உள்ளன. கேமராவில் எடுத்த படங்களும் காணொலிகளும் "டிசிஐஎம்" என்ற கோப்புறையில் இருக்கும். டிஜிட்டல் கேமராக்களுக்கென ஜப்பானில் 1998-இல் வகுத்த விதியின்படி அமைந்த பெயர் இது. கேமரா போய்க் கைபேசி வந்த பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. திரையைப் படம் பிடித்தவை "பிக்சர்ஸ்" என்பதிலோ "டிசிஐஎம்" என்பதிலோ கிடைக்கும். இணையத்திலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் இறக்கியவை "டவுன்லோட்" என்பதில் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்தவற்றைக் கண்டுபிடிப்பதே சற்றுக் கடினம். அண்மைக் காலக் கைபேசிகளில் அவை "ஆண்ட்ராய்டு" என்ற கோப்புறைக்குள் "மீடியா", அதற்குள் "காம்.வாட்ஸ்அப்", அதற்குள் "வாட்ஸ்அப்", மீண்டும் "மீடியா" என்று பல கதவுகளுக்கு அப்பால் உள்ளன. அங்கே படங்களுக்கும் காணொலிகளுக்கும் தனித்தனிக் கோப்புறைகள் உண்டு. குரல் செய்திகள் "வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்" என்பதில், ஆண்டும் வார எண்ணும் கொண்ட சிறு கோப்புறைகளாகப் பிரிந்து கிடக்கும். ஒவ்வொரு குரல் செய்தியின் பெயரிலும் தேதி உண்டு. ஆனால் பேசியவர் பெயர் இராது. எனவே அருமையான குரல்களைக் கணினிக்குக் கொண்டுவந்த பின், "அம்மா, பொங்கல், 2024" என்பது போல் தமிழிலேயே பெயரிட்டு வைப்பது பிற்காலத்துக்கு உதவும். இக்காலக் கணினிகள் தமிழ்ப் பெயர்களை இடரின்றி ஏற்கின்றன. இக்குரல் செய்திகள் "ஓபஸ்" என்ற வகையைச் சேர்ந்தவை. கணினியில் அவை ஒலிக்காவிடில் வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால் போதும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வழி சற்று மாறும். விண்டோஸ் கணினியில் இணைத்தவுடன் "இந்தக் கணினியை நம்பலாமா?" என்று ஐபோன் கேட்கும். நம்பலாம் என்று ஒப்புதல் அளித்து, கடவு எண்ணையும் இட்டால் படங்களும் காணொலிகளும் அடங்கிய கோப்புறை திறக்கும். பிற கோப்புகளுக்கு ஆப்பிளின் தனி மென்பொருள் வேண்டும். பாதி வழியில் பிழை காட்டி நின்றுவிட்டால், ஐபோனின் அமைப்புகளில் புகைப்படங்கள் என்ற பகுதிக்குச் சென்று, கணினிக்கு மாற்றும்போது மூலப் படங்களையே அனுப்புமாறு மாற்றிப் பார்க்க வேண்டும். வேறு வகைக்கு மாற்றிக்கொண்டே அனுப்பும் சுமை அதனால் நீங்கும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு மூலப் படங்களை ஐகிளவுடில் வைத்துவிட்டுச் சிறு படங்களை மட்டும் கைபேசியில் வைத்திருக்கும் ஏற்பாடு சிலரிடம் உண்டு. அத்தகையோருக்குக் கைபேசியில் உண்மையாக இருப்பவை மட்டுமே கேபிள் வழியே வரும்.

மேக் கணினியில் ஐபோனை இணைப்பது எளிது. ஆனால் மேக் கணினிக்கு எம்.டி.பி. முறை இயல்பாகத் தெரியாது. எனவே மேக்கும் ஆண்ட்ராய்டும் வைத்திருப்போர் ஓப்பன்எம்டிபி போன்ற ஓர் இலவச மென்பொருளைத் துணை கொள்ள வேண்டும்.

கணினியே இல்லாத வீடுகளும் நம்மிடையே ஏராளம். அவர்கள் ஒரு முனை டைப்-சியும் மறுமுனை சாதாரண யு.எஸ்.பி.யும் கொண்ட பென்டிரைவை வாங்கிக் கைபேசியிலேயே நேராகச் செருகிப் படியெடுக்கலாம். பெரும்பாலான கைபேசிகள் இதனை ஏற்கும்.

எந்த வழியைக் கையாண்டாலும் ஒரு விதியை மட்டும் மறவாதிருக்க வேண்டும். கோப்புகளை "கட்" செய்யலாகாது. "காப்பி" மட்டுமே செய்ய வேண்டும். "கட்" என்பது இங்கிருப்பதை எடுத்து அங்கே வைப்பது. "காப்பி" என்பது இங்கிருப்பது இங்கேயே இருக்க, அங்கே ஒரு படி வைப்பது. பாதி வேலையில் கேபிள் அசைந்து இணைப்பு அறுந்தால், "காப்பி" செய்தவருக்கு நேர வீணைத் தவிர வேறு நட்டம் இல்லை. "கட்" செய்தவர் எது வந்தது, எது போயிற்று என்று தேடித் தவிக்க நேரிடும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இம்முறையில் பொதுவாகக் கிடையாது. ஆதலால் பத்தாயிரம் படங்களை ஒரே மூச்சில் இழுக்காமல், ஐந்நூறு அல்லது ஆயிரமாகப் பிரித்து எடுப்பது மேல்.

படியெடுத்து முடிந்தவுடன் சரிபார்க்க வேண்டும். மொழிபெயர்ப்புப் பணியில் மூலத்தையும் பெயர்ப்பையும் அருகருகே வைத்து ஒப்புநோக்காமல் கையொப்பம் இடுவதில்லை. இங்கும் அதே ஒழுங்கு தேவை. கைபேசியிலுள்ள கோப்புறையில் எத்தனை கோப்புகள், கணினியில் வந்தவை எத்தனை என்று எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பின்னர் முதலில் சில, நடுவில் சில, இறுதியில் சில எனத் திறந்து பாருங்கள். நீண்ட காணொலியாயின் கடைசி நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். கணினியில் கோப்பின் தேதி, படியெடுத்த நாளைக் காட்டினால் அஞ்ச வேண்டாம். படம் எடுத்த உண்மையான நாள் படத்தினுள்ளேயே பத்திரமாக இருக்கும். இவ்வளவும் சரியாக உள்ளன என்று உறுதியான பிறகே, கைபேசியில் இடம் வேண்டுமானால், பழையவற்றை நீக்கலாம்.

எதிர்த்திசையிலும் இதே கேபிள் பயன்படும். கணினியிலுள்ள நூல்களையும் இசையையும் கைபேசியில் ஏற்றிக்கொண்டால், ஊருக்குச் செல்லும் நெடுந்தூர ரயிலில் சிக்னல் இல்லாத இடங்களிலும் படிக்கலாம், கேட்கலாம். ஒரு சிறு எச்சரிக்கை: யூனிகோடு பரவலாகும் முன் பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டெழுதிய ஆவணங்களை அப்படியே கைபேசிக்கு அனுப்பினால், தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே தோன்றும். பிழை கேபிளுடையது அன்று. அந்த எழுத்துரு கைபேசியில் இல்லை என்பதே காரணம். அவற்றைக் கணினியிலேயே பி.டி.எஃப். ஆக மாற்றிவிட்டு அனுப்பினால் எழுத்து எழுத்தாகவே தெரியும்.

இவ்வளவையும் எப்போது செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. "கைபேசி கெட்டால் கணினியில் மாட்டி எடுத்துக்கொள்ளலாமே" என்று கருதுவோர் பலர். இக்கருத்தே பெரும் இழப்புக்குக் காரணமாகிறது. மேலே கூறிய ஆவண அறைக் காவலரை மீண்டும் நினைவுகூருங்கள். எடுத்துக் கொடுப்பவரே கண்மூடிவிட்டால், சாளரத்தில் நின்று எவ்வளவு கேட்டும் பயன் என்ன? கைபேசி உயிருடன் இருந்து, அதன் பூட்டும் திறக்கப்பட்டால்தான் கோப்புகள் வரும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உடன் வெளியான எல்லாக் கைபேசிகளிலும் சேமிப்பகம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. களவு போன கைபேசியிலிருந்து நம் செய்திகளைப் பிறர் எடுக்க முடியாமல் காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் கைபேசியின் உட்பலகையே பழுதாகிவிட்டால், அதே பூட்டு நம்மையும் வெளியே நிறுத்திவிடும். சேமிப்புச் சில்லைக் கழற்றி எடுத்தாலும் அதிலுள்ளவை படிக்க இயலாத குறிகளாகவே நிற்கும். திரை மட்டும் உடைந்திருந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. புதுத் திரை போட்டுப் பூட்டைத் திறந்து எடுத்துவிடலாம்.

என் அலுவலக நண்பர் ஒருவரின் தாயார் கும்பகோணத்துக்கு அருகே தனியாக வாழ்ந்துவந்தார். எழுதப் பழகாத அவ்வம்மையார் நாள்தோறும் காலையில் மகனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவார். கொல்லையில் முருங்கை காய்த்தது, பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈன்றது, மழை இன்னும் வரவில்லை, நேரத்துக்குச் சாப்பிடு: இவ்வளவுதான் செய்தி. அவர் மறைந்த நான்காம் மாதம், நண்பரின் கைபேசி வாளித் தண்ணீரில் விழுந்து உட்பலகை செயலிழந்தது. மூன்று கடைகளில் ஏறி இறங்கியும் பயனில்லை. வாட்ஸ்அப்பின் மேகச் சேமிப்பு வசதியை அவர் இயக்கி வைத்திருக்கவில்லை. இறுதியில் கோயம்புத்தூரிலுள்ள அவர் தங்கை, தமக்கு அண்ணன் முன்பு அனுப்பிவைத்த ஏழு குரல் செய்திகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஏறத்தாழ மூன்றாண்டுக் காலைகளில் எஞ்சியவை அந்த ஏழே. அவையும் வேறோர் ஊரில், வேறொருவரிடம் ஒரு படி இருந்ததால் பிழைத்தவை.

ஆகவே கணினியில் ஒரு படி வைப்பதோடு நிறுத்திவிடலாகாது. கணினியும் ஒரு நாள் பழுதாகக் கூடியதே. கணினியிலிருந்து ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் மற்றொரு படி எடுத்து, அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது உடன்பிறந்தாரிடமோ பெற்றோரிடமோ கொடுத்து வைக்கலாம். இரண்டு ஊர்களில் வீடுள்ள நம்மவர்க்கு இது எளிதில் வாய்க்கும் பாதுகாப்பு. டில்லியில் வெள்ளம் புகுந்தாலும் திருநெல்வேலியில் ஒரு படி இருக்கும்.

பாதுகாப்பு குறித்து மேலும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபைல் டிரான்ஸ்பரைத் தேர்ந்தெடுப்பதும், இந்தக் கணினியை நம்பலாம் என்று ஒப்புவதும் நம் பெட்டியைத் திறந்து காட்டுவதற்குச் சமம். எனவே அதனை நமது கணினியில் மட்டுமே செய்ய வேண்டும். ஜெராக்ஸ் கடையில் ஒரே ஓர் ஆவணத்தை அச்சிட வேண்டுமானால், கைபேசியையே இணைத்துக் கொடுக்காமல், அந்த ஆவணத்தை மட்டும் பென்டிரைவில் கொண்டுசெல்வது உத்தமம். விமான நிலையம், பேருந்து நிலையம் முதலிய பொது இடங்களில் உள்ள யு.எஸ்.பி. சார்ஜ் துளைகளிலும் எச்சரிக்கை தேவை. இத்தகைய துளைகள் வழியே தரவு களவாடப்படக்கூடும் என்று பாரத ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட மோசடி எச்சரிக்கைக் கையேட்டில் குறிப்பிட்டுள்ளது. அங்கே நமது சொந்த சார்ஜரைச் சுவர் மின்துளையில் செருகிக்கொள்வதே நல்லது. அது இயலாதபோது, தரவுக் கம்பி இல்லாத கேபிள் கைகொடுக்கும். வீட்டில் நம்மை ஏமாற்றிய அதே இரட்டைக் கம்பிக் கேபிள் வெளியூரில் காவலாக நிற்கும்.

ஊரிலிருந்து திரும்பிய மறுவாரமும், மற்றபடி மாதம் ஒரு முறையும் இப்பணிக்கென ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதுமானது. கைபேசியின் பூட்டைத் திறந்து இணையுங்கள், கோப்புப் பரிமாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள், படியெடுங்கள், எண்ணிச் சரிபாருங்கள், இரண்டாம் படியை வேறிடத்தில் வையுங்கள். வீட்டிலுள்ள பள்ளி மாணவரையும் உடன் அமர்த்திக்கொண்டால் வேலை விரைவில் முடியும். படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழும்போது, இவர் யார், இது எந்த ஊர்த் திருவிழா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வெளி மாநிலத்தில் பிறந்து வளரும் அவர்களுக்குத் தம் உறவையும் ஊரையும் அறிமுகம் செய்துவைக்க அதுவும் ஒரு வாய்ப்பு.